வாசலுக்கு வெளியே நின்ற கால்

நான் முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மன்னார் நகரத்தில் செயற்கைக் கால் செய்யும் நிலையம் ஒன்றில் பதினொரு வருடம் தோல் மேசையில் வேலை செய்தேன். சென்ற வருடம் அந்த மேசையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். கால்களுக்கு வேண்டிய உறையும் பட்டியும் இப்போது வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருகின்றன. என்னைப் பிளாஸ்டிக் பகுதிக்கு மாறச் சொன்னார்கள். மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். நான் செய்த தொழில் அங்கே முடிந்துவிட்டது, ஆகவே ஓய்வு. வேறு சொல் எனக்குத் தேவையில்லை.

கடைசி வாரத்தில், பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகள் என் உளிகளை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, ஏ.எல். மூண்டு பாடமும் பாஸ் பண்ணிப்போட்டு, போயும் போயும் ஏன் இந்தத் தோலைத் தொட்டனீங்கள்?”

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் இந்தப் “போயும் போயும்” எனக்குப் பழைய ஆள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைக் கேட்டு வருகிறேன். பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், கலியாணம் பேச வந்தவர்கள் வாயில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அன்று சரியான பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

எங்கள் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டத்தில் இருந்த அப்பாவும் அம்மாவும் ஒரு கலவரத்துக்குப் பிறகு மன்னாருக்கு வந்து, பெருநிலப் பக்கம் பாப்பாமோட்டையில் குடியேறினார்கள். பிறர் வயலில் கூலி வேலை. ஊரில் சாவு விழுந்தால் அப்பாவைத் தேடி வருவார்கள். அவர் தப்பு என்ற பறையை அடிப்பார். தப்பைத் தானே செய்வார். கன்றுத் தோலை மயிர் சுரண்டி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, வேப்ப மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டுவார். சாவு வீட்டில் எல்லோருக்கும் அவர் தேவை. சாவு முடிந்த பிறகு ஒருவருக்கும் தேவையில்லை.

ஏ.எல். என்ற உயர்தரச் சோதனையைப் போரில் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மீள்குடியேற்றத்தில் ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில், பிரதேச செயலகத்துச் சுவரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். செயற்கைக் கால் நிலையத்துக்குத் தோல் வேலை செய்ய ஆள் தேவை, பயிற்சி தருவோம் என்றிருந்தது. எத்தனையோ பேர் வாசித்துவிட்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை.

அப்பா அன்று சோறு சாப்பிடவில்லை.

“தோலத் தொட்ட கையின்னுதானே புள்ள நம்மள வாசல்ல நிக்க வச்சானுங்க. நீ பேனா புடிக்கணும்னுதான் உன்னப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்.”

“ரெண்டையும் பிடிப்பன் அப்பா. எனக்கு ரெண்டு கை இருக்கு.”

ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட மட்டும் வந்தார்.

பயிற்சி ஆறு மாதம். உளி தீட்டவும், நூலுக்கு மெழுகு பூசவும், இரண்டு ஊசியால் தைக்கவும் பழகினேன். அதைவிட அதிகம் சொல்ல இல்லை.

மன்னார் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் றெஜினா மிஸ். பள்ளிமுனைக்காரர். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை; ஷெல் வீச்சில் போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. நான் சேர்ந்த அன்று படிவத்தில் என் பதவியை “உதவியாளர்” என்று எழுதினார்.

“மிஸ், விளம்பரத்தில தோல் வேலை எண்டெல்லோ இருந்தது?”

“உனக்கு நல்லதுக்குத்தான் எழுதினனான். நாளைக்கு ஆரும் என்ன வேலை எண்டு கேட்டால் சொல்ல லேசு.”

“தோல் வேலை எண்டு சொல்லவும் லேசுதான் மிஸ்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை வெட்டி, “தோல் தொழில்நுட்பவியலாளர்” என்று எழுதினார். “நீட்டாய் இருக்கு. எழுத்துப் பிழை விடாமல் எழுதப் பழகு” என்றார்.

அவருடைய வழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் செய்து கொடுக்கும் ஒவ்வொரு தோல் வாரையும் முதலில் தன் காலில் கட்டுவார். கட்டிக்கொண்டு நிலையத்து வாசலிலிருந்து பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வருவார். வெயிலோ தூசியோ பார்க்க மாட்டார். திரும்பி வந்ததும் வாரைக் கழற்றி மேசையில் வைப்பார். நல்லதென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். நல்லதில்லை என்றால் மேசை லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து என் கண் முன்னாலேயே வாரை இரண்டாக வெட்டுவார். திட்டமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். முதல் தடவை நான் அழுதேன். ஐந்தாம் தடவை, “ஏன் மிஸ் வெட்டுறியள்? திருத்தலாம்தானே?” என்று கேட்டேன்.

“திருத்தினது ஒருநாள் அறும். அறுகிற அண்டைக்கு அந்த மனிசன் றோட்டுக் கடந்துகொண்டு நிற்பான்.”

அதற்குப் பிறகு நான் காரணம் கேட்கவில்லை. வெட்டுப்படாத வார் செய்யப் பழகினேன்.

தோல் என்றால் எல்லாம் ஒன்றென்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவின் தப்புக்குக் கன்றுத் தோல். பதனிடாமல் பச்சையாகவே காயவைத்து இழுப்பது. தவிலுக்கு ஒரு பக்கம் ஒரு தோல், மறுபக்கம் வேறு தோல். மன்னார் கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் முஸ்லிம் நானா ஒருவர் எருமைத் தோலைத் தவிர வேறெதையும் அடித்தோலுக்குத் தொடமாட்டார். கொழும்பிலிருந்து வரும் சப்பாத்துத் தோல் இரசாயனத்தில் பதனிட்டது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நனைத்து வளைத்தால் காய்ந்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். எங்களுக்கு வேண்டியது மரப்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத் தோல். அதிலும் முதுகுப் பக்கம். வயிற்றுப் பக்கத் தோல் மெத்தென்று இருக்கும், கை அதைத்தான் தேடும். ஆனால் இழுபட்டுவிடும். மெத்தென்ற தோலுக்கு ஆசைப்பட்டு நான் வெட்டுவித்த வார்களே ஒரு மூட்டை வரும்.

ஊரும் தோலைத் தன் பாட்டுக்குக் கெடுக்கும். பள்ளிமுனை மீனவர் ஒருவருக்கு இடுப்பு வார் செய்து கொடுத்தோம். பத்தே நாளில் ஒற்றைக் காலில் ஊன்றுகோலுடன் வந்து நின்றார்.

“வார் எங்க அண்ணை?” என்று கேட்டேன்.

“நாய் திண்டிட்டுது பிள்ளை.”

“நாய் ஏன் வாரைத் தின்னுது?”

“வள்ளத்துக்குப் பூசிற சுறா எண்ணெயை நல்லா ஊற விட்டுப் பூசினனான். வள்ளம் இருவது வரியமா நிக்குது. வாரும் நிக்குமெண்டு பாத்தன். இராவோடு இராவா தெரு நாயெல்லாம் கூட்டம் வைச்சிட்டுதுகள்.”

றெஜினா மிஸ் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சிரித்து முடித்ததும் என்னை உட்கார வைத்து, ஒவ்வொரு காலோடும் கொடுக்க ஒரு அட்டை எழுதச் சொன்னார். எண்ணெய் பூசக் கூடாது, நனைக்கக் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது. மூன்று வரி. என் கையெழுத்தில்தான் எல்லா அட்டையும் போயின.

அடுத்த வருடம் ஐப்பசி தொடங்கும்போது தவமணி அக்கா வந்தார்.

உயிலங்குளத்துக்காரர். வயற்காரக் குடும்பம். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் இடது கால் போனது. முழங்காலுக்குக் கீழே நாலு விரல் நீளம் மட்டும் மிச்சம். அவ்வளவு குறுகிய காலைப் பிளாஸ்டிக் கூடு தனியாகப் பிடிக்காது. அப்படிப்பட்டவர்களுக்குத் தொடைச்சட்டை வேண்டும். கூட்டின் இரு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்து, முழங்காலுக்கு நேரே மடங்கும் பிணைச்சல் போட்டு, மேலே தொடையைச் சுற்றிக் கட்டும் தோல் சட்டை அது. முன்பக்கம் சப்பாத்து மாதிரிக் கயிறு கோத்து இறுக்குவது. உடம்பின் பாரத்தைத் தொடையும் பங்கு போட்டுக்கொள்ளும்.

“எப்ப தருவியள்?” என்று கேட்டார். வேறெந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

“ஏன் அக்கா அவசரம்?”

குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயலை அவருடைய தகப்பன் அவருக்கென்று கொடுத்திருந்தார். உறுதி, பத்திரம் எல்லாம் ஓட்டத்தில் தொலைந்தன. திரும்பி வந்த பிறகு காணிக் கந்தோரில் விண்ணப்பம் போட்டிருந்தார். விதைப்பு முடிந்ததும் உத்தியோகத்தர் வயலுக்கே வந்து பார்ப்பார். உரிமை கேட்கும் ஆள் தானே வயலில் இறங்கிப் பயிர் செய்யக்கூடியவரா என்று விசாரிப்பார். இதற்கிடையில், அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் சிவராசா, தங்கச்சிக்கு ஏலாது, வயலை நானே செய்கிறேன், என் பெயரில் எழுதுங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்.

“அண்ணை கூடாதவர் இல்லைத் தங்கச்சி. நான் விழுந்து எழும்புறதை அவரால பாக்கேலாது. சாகும்வரைக்கும் சோறு போடுவன் எண்டுதான் சொல்லுறார்.” மடியில் சேலையை நீவிவிட்டார். “எனக்கு அவற்ர சோறு வேண்டாம். என்ர சோறு இருக்கு. வரம்பில நடந்து எல்லையைக் காட்டினால் காணும்.”

தொடைக்குப் பிளாஸ்டரில் அச்சு எடுத்தேன். முதுகுப் பக்கத் தோலில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். குமிழி வரும்வரை தோல் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குமிழி நின்றதும் எடுத்து அச்சின் மேல் போட்டு, உள்ளங்கையால் நடுவிலிருந்து விளிம்புக்கு இழுத்து இழுத்துப் படியவைத்து, பருத்தி நாடாவால் சுற்றிக் கட்டினேன். நிழலில் மூன்று நாள். மின்விசிறியும் கூடாது. நாலாம் நாள் நாடாவை அவிழ்த்தால் தோல் அந்தத் தொடையாகவே நிற்கும். பிறகு விளிம்பைச் சீவி மெல்லியதாக்கி, உள்ளே ஆட்டுத் தோல் ஒட்டித் தைத்தேன். றெஜினா மிஸ் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை உள் விளிம்பு முழுவதும் ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

இரண்டு கிழமையில் தவமணி அக்கா திரும்பி வந்தார். சட்டை மரப்பட்டை மாதிரி விறைத்திருந்தது. கட்டினால் ஓரிடத்தில் வெட்டியது, வேறோரிடத்தில் தொளதொளத்தது.

“தண்ணிக்க இறங்கினனீங்களோ?”

“இல்லை.”

“எண்ணெய்?”

“இல்லை.”

“வெயில்ல காய வைச்சனீங்களோ?”

“அட்டையில எழுதியிருக்குத்தானே. நான் வைக்கேல்லை.”

அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. தோலில்தான் பிழை என்று நினைத்தேன். றெஜினா மிஸ் லாச்சியைத் திறந்தார். கத்தரிக்கோல் அந்தத் தடித்த தோலில் போகக் கஷ்டப்பட்டது, ஆனாலும் வெட்டினார். வேறு தோலில், இன்னும் கவனமாக, இரண்டாவது சட்டை செய்தேன். அதுவும் பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தது.

“மலர், இது சரிவராது” என்றார் மிஸ். “வயல் பக்கத்து ஆக்களுக்குத் தோல் குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுப்பம். பிளாஸ்டிக் கூடும் இடுப்புப் பட்டியும் போட்டு அனுப்பு.”

“அது அவவுக்கு நிக்காது மிஸ். சேத்தில ஒருக்காக் கால் புதைஞ்சால் கூடு கழண்டு சேத்திலயே நிக்கும்.”

“இது மட்டும் நிண்டதோ?”

கத்தரிக்கோல் மேசைக்கு வந்துவிட்டது. நான் சட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்டேன். ஒரு பக்கம் முழுவதும் பூஞ்சணம், வெள்ளை வெள்ளையாக. நேர் எதிர்ப்பக்கம் வெடித்து, நிறம் வெளுத்திருந்தது. இது ஒரே தோல், ஒரே துண்டு. ஒரு பக்கம் ஈரத்திலும் மறுபக்கம் வெயிலிலும் நின்றால்தான் இப்படி ஆகும். ஆளோடு நடந்து திரிந்த சட்டை இப்படிக் கெடாது. எங்கேயோ ஒரு சுவரில் சாய்ந்து நின்ற சட்டைதான் இப்படிக் கெடும்.

“வெட்டாதேங்கோ மிஸ்.”

“கையை எடு.”

“பிழை தோல்ல இல்லை. என்னிலயும் இல்லை. ஒரு நாள் தாங்கோ, வீட்டைப் பாத்திட்டு வாறன்.”

அவருடைய கையை நான் பிடித்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தார். “ஒரு நாள்” என்றார்.

அடுத்த நாள் பஸ் ஏறி உயிலங்குளம் போனேன். மழை விட்டு வெயில் எறித்துக்கொண்டிருந்தது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்னச் சீமெந்து வீடு. வாசலில் மூன்று சோடிச் செருப்பு. செருப்புகளுக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்தபடி, அவருடைய சட்டை சரியாகும்வரை கட்டும்படி நிலையத்திலிருந்து நான் கொடுத்திருந்த, தோல் வைத்த பழைய கால் நின்றது. தகரக் கூரைத் தண்ணீர் அதன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கோழி ஒன்று அதன் விளிம்பில் ஏறி நின்று கால் மாற்றிக்கொண்டது.

தவமணி அக்கா உள்ளே நிலத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து வாசலுக்கு வந்தார்.

“அக்கா, காலை ஏன் வெளியில விட்டிருக்கிறியள்?”

“வேற எங்க விடுறது? தோலெல்லோ? வீட்டுக்குள்ள அம்மன் படம் இருக்கு.”

“எப்பவும் அப்பிடியோ?”

“வந்த நாள் தொடக்கம்.”

“நாங்கள் கேக்கேக்க ஒண்டும் சொல்லேல்லையே?”

“தண்ணிக்க இறங்கினனீங்களோ எண்டு கேட்டியள். எண்ணெய் பூசினனீங்களோ எண்டு கேட்டியள். எங்க கழட்டி வைக்கிறனீங்கள் எண்டு ஆர் கேட்டது?”

உண்மைதான். செருப்பை எங்கே விடுகிறாய் என்று யாராவது யாரையாவது கேட்பார்களா? அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை. எங்களுக்கும் அது கேட்க வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை. இரண்டு நல்ல தோல் அதில் போயிற்று.

சிவராசா அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். எனக்கு முற்றத்து மாமர நிழலில் கதிரை போட்டார். நான் உட்காரவில்லை.

“அண்ணை, இந்தக் கால் வெளியில நிண்டால் ஒரு மாசமும் நிக்காது.”

“தோலை உள்ள எடுக்கேலாது பிள்ளை. எங்கட வீட்டில அப்பிடி வழக்கமில்லை.”

“கோயில்ல தவிலை எங்க வைக்கிறவை? செருப்போடயோ?”

“அது சாமிக்கு.”

“இது உங்கட தங்கச்சிக்கு.”

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். “நீ பாப்பாமோட்டையில தப்படிக்கிற மனிசன்ர மகளெல்லோ?”

“ஓம். அவற்ர மகள்தான். இந்தச் சட்டை நான் தைச்சது. ஒரு தையல் விடாமல் எல்லாம் நான்தான்.”

என் குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. அவருக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சண்டை வேண்டாம் என்ற குரலில் சொன்னார்: “ஒரு பெட்டி அடிச்சுத் தாறன். மூடி போட்டுத் தாவாரத்தில வைப்பம். மழையும் படாது, வெயிலும் படாது. சரிதானே?”

சரிதான். தோலுக்கு அந்தப் பெட்டி போதும். என் தொழிலுக்கு அந்தப் பெட்டி போதும். ஓம் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். ஆனால் நான் தவமணி அக்காவின் கைகளைப் பார்த்துவிட்டேன். நிலத்தில் ஊன்றி ஊன்றி உள்ளங்கை காய்த்துக் கறுத்திருந்தது. வீட்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து நகர்ந்தால் தொடையில் தசை எங்கே இருக்கும்? கால் வீங்கும், வற்றும், சட்டை ஒருநாளும் பொருந்தாது.

“பெட்டி தோலுக்குக் காணும் அண்ணை. ஆளுக்குக் காணாது.”

அண்ணன் உள்ளே போய்விட்டார். தவமணி அக்கா மெல்லிய குரலில் கேட்டார்: “உள்ளயும் போட்டுக்கொண்டு திரிஞ்சால், அந்த வரம்பில நடக்க ஏலுமோ?”

“நாள் முழுக்கப் போட்டால் ஏலும். வெளியில போகேக்க மட்டும் போட்டால் ஏலாது. நான் பொய் சொல்லமாட்டன்.”

மறுநாள் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையில் நாலாவதாக ஒரு வரி எழுதி நீட்டினேன்: காலை வீட்டுக்கு வெளியே கழற்றி வைக்கக் கூடாது.

“வீட்டு வழக்கத்தில கை வைக்க எங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?” என்றார்.

“சுறா எண்ணெய் பூசிறதும் பள்ளிமுனை வழக்கம்தான். அதில கை வைச்சியள்தானே மிஸ்?”

அவர் அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து என் வரியைக் குறுக்கே கீறினார். எனக்கு முகம் சுட்டது.

“கூடாது கூடாது எண்டு எழுதினால் பெட்டிக்குள்ள வைச்சுப்போட்டு, நாங்கள் சொன்னதைச் செய்தம் எண்டுவினம். செய்ய வேண்டியதை எழுது.” அவரே எழுதினார்: காலையில் எழும்பியதும் கட்ட வேண்டும். படுக்கப் போகும்போது கழற்ற வேண்டும். வீட்டுக்குள்ளும் இந்தக் காலிலேயே நடக்க வேண்டும். கீழே கையெழுத்து வைத்து, நிலையத்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். பிறகு கெட்டுப்போன சட்டையை இழுத்து எடுத்து இரண்டாக வெட்டினார். “இனி மூண்டாவதைச் செய்” என்றார்.

மூன்றாவதில் ஒரு காரியம் கூடுதலாகச் செய்தேன். தப்புத் தோல் ஈரத்தில் தளரும் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். அடிக்க முன்னம் அப்பா அதை நெருப்பில் காட்டித்தான் இறுக்குவார். நெருப்பை நான் காலில் கட்டி அனுப்ப முடியாது. ஆகவே தளர்வதற்குத் தோலில் ஒன்றும் மிச்சம் இல்லாமல் முன்கூட்டியே இழுத்துவிட முடிவு செய்தேன். ஈரத் தோலின் நாலு மூலையிலும் கல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு நாள் முழுவதும் இழுபட விட்டேன். அதற்குப் பிறகுதான் அச்சில் ஏற்றினேன். விளிம்புகளுக்கு மெழுகு உருக்கித் தேய்த்தேன். இந்த முறை எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. மிஸ் பெருவிரலை ஓட்டிவிட்டு, “கல்லு எங்கயிருந்து எடுத்தனீ?” என்று மட்டும் கேட்டார்.

உத்தியோகத்தர் வரும் நாளுக்கு மூன்று கிழமை இருந்தது. காலும் அட்டையும் தவமணி அக்காவோடு போயின. அந்த நாளுக்கு நான் லீவு கேட்டேன். காரணம் எழுதச் சொன்னார் மிஸ். “வேலை நிற்கிறதா என்று பார்க்க” என்று எழுதினேன். கையெழுத்து வைத்துத் தந்தார்.

நான் போனபோது தவமணி அக்கா வீட்டிலிருந்து வயலுக்கு நடந்துகொண்டிருந்தார். அண்ணன் முன்னாலேயே போயிருந்தார். பக்கத்தில் சேர்ந்து நடந்தேன். பிணைச்சல் சத்தம் சீராக இருந்தது.

“உள்ள நடந்தனீங்களோ அக்கா?”

“அண்ணை வயலுக்குப் போனாப் பிறகு நடப்பன். சைக்கிள் சத்தம் கேட்டால் கழட்டி வெளியில அண்ணை அடிச்ச பெட்டிக்குள்ள வைச்சிடுவன்.”

“மூண்டு கிழமையுமோ?”

“ஓம்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏசாதை. பகல் முழுக்க நடந்தனான்தானே.”

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நடை நன்றாக இருந்தது.

குளக்கட்டுக்குக் கீழே காணி உத்தியோகத்தரும் கிராம அலுவலரான ஜி.எஸ்.ஸும் நின்றார்கள். விதைத்த வயலில் தண்ணீர் மட்டமாக நின்றது. வரம்புகள் மழையில் ஊறி வழுக்கின.

“உரிமை கேக்கிறது ஆர்?” என்று உத்தியோகத்தர் கோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நான்” என்றார் தவமணி அக்கா.

“அவளுக்கு ஏலாது சேர்” என்றார் அண்ணன். “கடிதத்தில எழுதியிருக்கிறன். நான்தான் செய்யிறனான்.”

“சரி, எல்லையைக் காட்டுங்கோ.”

அண்ணன் வரம்பில் காலை வைத்தார்.

“நில்லண்ணை. காணி என்ர. நான் காட்டுறன்.”

அண்ணன் அப்படியே நின்றார். அக்கா சேலையை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டி வரம்பில் ஏறினார். உத்தியோகத்தர் பின்னால் போனார். நான் குளக்கட்டிலேயே நின்றேன். கயிறு முடிச்சை, பிணைச்சலை, குதியைத்தான் என் கண் பார்த்தது. ஒரு முழ அகலமும் இல்லாத வரம்பு. முதல் மூலையைக் கையால் காட்டினார். இரண்டாவது மூலையில் ஒரு மருத மரத்தைக் காட்டினார். மூன்றாவது மூலைக்குப் போகும் வழியில் தண்ணீர் பாய வரம்பை வெட்டியிருந்தார்கள். அதைத் தாண்ட வைத்த இடது கால் சேற்றில் கணுக்கால் வரை புதைந்தது.

உத்தியோகத்தர் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. உடம்பை முன்னே சாய்த்துத் தொடையால் இழுத்தார். சேறு விடவில்லை. வெறும் பிளாஸ்டிக் கூடென்றால் அந்த இடத்தில் கழன்றிருக்கும். இன்னொரு தடவை இழுத்தார். சளக் என்ற சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. கால் முழுதாக வெளியே வந்தது. சட்டை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அவர் நாலாவது மூலைக்கும் போய், நின்று, “இதோட முடியுது சேர்” என்றார்.

உத்தியோகத்தர் வரம்பில் நின்றபடியே எழுதினார். ஜி.எஸ். அண்ணனின் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தார்.

வயலிலிருந்து வீட்டுக்குத் திரும்பினோம். அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னே நடந்தார். வாசலில் வாளித் தண்ணீரும் செம்பும் இருந்தன. அவர் கால் கழுவிவிட்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தங்கச்சி குந்தியிருந்து காலைக் கழற்றுவாள் என்று காத்து நின்றார்.

அக்கா குந்தவில்லை. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சேறு பூசிய றப்பர் பாதத்தை முன்னே நீட்டினார்.

“ஊத்தண்ணை.”

அவர் அந்தக் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகும் காலைப் பார்த்தார்.

“பாதத்துக்கு மட்டும் ஊத்து. தோல்ல தண்ணி பட்டால் இந்தப் பிள்ளை என்னைக் கொல்லும்.”

அவர் வாளியில் செம்பை அமிழ்த்தி எடுத்தார். குனிந்து, கணுக்காலுக்குக் கீழே, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சேறு கரைந்து வாசலில் ஓடியது. பிறகு மற்றக் காலுக்கு ஊற்றினார். அக்கா நிலையை விட்டுக் கையை எடுத்து, படியைத் தாண்டி, அம்மன் படத்துக்கு முன்னால் போய் இரண்டு காலிலும் நின்று கும்பிட்டார்.

நான் என் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால் கழுவி, அவருக்குப் பின்னால் உள்ளே போனேன். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் ஒருவரையும் கேட்கவில்லை.